குவாண்டம் கோர்ஸில் சேரப் போறீங்களா? பணம் கட்டும் முன் ஒரு சின்ன கணக்கு

லிங்க்டினைத் திறந்தால் போதும். 'ஆறு வாரத்தில் குவாண்டம் கம்ப்யூட்டிங்', 'கோடிங் தெரியாதவர்களும் சேரலாம்', 'நாளைய வேலைக்கு இன்றே தயாராகுங்கள்' என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. போன வருஷம் ஏஐ கோர்ஸ் விளம்பரம் வந்த அதே இடத்தில் இப்போது தங்க நிறச் சரவிளக்கு மாதிரி ஒரு படம் தொங்குகிறது. (படத்தில் இருப்பது கம்ப்யூட்டர் இல்லை. அதைக் குளிரவைக்கிற ஃப்ரிட்ஜின் உள்பக்கம். அதுபற்றிப் பிறகு.)

ஓஎம்ஆரில் ஐந்தாறு வருஷமாக வேலை பார்க்கும் ஒரு டெவலப்பருக்கும், மருந்து கம்பெனி லேபில் இருக்கும் ஒரு கெமிஸ்ட்டுக்கும் இதைப் பார்த்ததும் எழும் கேள்வி ஒன்றுதான். இது உண்மையிலேயே படிக்க வேண்டிய விஷயமா, இல்லை இன்னொரு பிளாக்செயின் சீசனா?

படிக்கலாம். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் விளம்பரம் சொல்லும் காரணம் சரியில்லை. பல நேரம் விளம்பரம் சொல்லும் பாடமும் சரியில்லை.

திடீர்னு ஏன் இவ்வளவு சத்தம்?

சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். காலம் 2030-31 வரை. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான இயந்திரங்களை இந்தியாவில் உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. நான்கு மையங்கள் பிரிக்கப்பட்டன. கம்ப்யூட்டிங் பெங்களூரு ஐஐஎஸ்சிக்குப் போனது. குவாண்டம் தகவல்தொடர்பு சென்னை ஐஐடிக்கு வந்தது. சென்சிங் மும்பை ஐஐடிக்கு, மெட்டீரியல்ஸ் டெல்லி ஐஐடிக்கு.

2025-ஐ சர்வதேச குவாண்டம் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பெங்களூருவின் க்யூபிஐஏஐ நிறுவனம் 25 க்யூபிட் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அமராவதியில் ஐபிஎம், டிசிஎஸ், எல் அண்ட் டி சேர்ந்து 156 க்யூபிட் சிஸ்டம் ஒன்றை நிறுவப் போவதாக மே மாதம் அறிவிப்பு வந்தது. அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ் மூவருக்கும் போனது. சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டுக்கு அடித்தளம் போட்ட 1980-களின் பரிசோதனைகளுக்கான பரிசு அது.

இவ்வளவும் ஒரே சமயத்தில் நடந்தால் கோர்ஸ் விற்பவர்கள் சும்மா இருப்பார்களா?

காயின் உதாரணம் எங்கே சறுக்குது?

எந்த அறிமுக வகுப்பிலும் முதல் ஸ்லைடு இதுதான்: 'சாதாரண பிட் என்றால் 0 அல்லது 1. க்யூபிட் என்றால் ஒரே நேரத்தில் 0-வும் 1-ம்.' அடுத்த ஸ்லைடில் காற்றில் சுழலும் காயின். மூன்றாவதில் ஷ்ரோடிங்கரின் பூனை. (பாவம் ஷ்ரோடிங்கர். 1935-ல் அவர் அந்தப் பூனையைக் கொண்டுவந்ததே, 'இப்படியே போனா எவ்வளவு அபத்தமாகுது பாருங்க' என்று காட்டத்தான்.) நான்காவது ஸ்லைடில், 'அதனால் குவாண்டம் கம்ப்யூட்டர் எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயற்சி செய்து பார்க்கும்' என்று ஒரு பெரிய பொய்.

அது ஏன் பொய்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். இந்த ஒரு இடம் புரிந்தால், மற்ற பாடங்கள் பெரும்பாலும் இதன் நீட்சிதான்.

ஒரு காயினைச் சுண்டினால் தலை விழ 50 சதவீதம், பூ விழ 50 சதவீதம். விழுந்ததைப் பார்க்காமலே மறுபடி சுண்டினால்? அப்பவும் 50-50தான். எத்தனை முறை சுண்டினாலும் மாறாது.

இப்போது 0 நிலையில் ஒரு க்யூபிட். அதன்மேல் 'ஹாடமார்ட்' என்ற செயலைச் செய்கிறோம். அளந்து பார்த்தால் 0 வர 50 சதவீதம், 1 வர 50 சதவீதம். இதுவரை காயின் மாதிரியேதான். ஆனால் அளக்காமல், அதே செயலை இரண்டாவது முறை செய்தால்? 50-50 வராது. நூற்றுக்கு நூறு 0 வரும்.

சுண்டிய காயினை மறுபடி சுண்டியதும் அது கட்டாயம் தலையில் விழுகிற மாதிரி. காயின் உதாரணம் இங்கே படுத்துவிடுகிறது.

காரணம், க்யூபிட்டுக்குள் இருப்பது நிகழ்தகவு இல்லை, வீச்சு. நிகழ்தகவு எப்போதும் பூஜ்ஜியமோ அதற்கு மேலோதான். வீச்சு மைனஸிலும் இருக்கலாம், கலப்பு எண்ணாகவும் இருக்கலாம். இரண்டு ஹாடமார்டுக்குப் பிறகு 1-க்குப் போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒரு வழியின் வீச்சு பிளஸ் அரை, இன்னொன்றின் வீச்சு மைனஸ் அரை. கூட்டினால் பூஜ்ஜியம். 1 என்ற விடை தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. 0-க்குப் போகும் இரண்டு வழிகளும் பிளஸ் அரை. கூட்டினால் முழு ஒன்று.

குவாண்டம் அல்காரிதம் எழுதுவது என்றால் இந்த விளையாட்டைப் பெரிய அளவில் ஆடுவதுதான். தப்பான விடைகளின் வீச்சுகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள வேண்டும், சரியான விடையின் வீச்சு சேர்ந்து வளர வேண்டும். எல்லாக் கணக்குகளையும் இப்படி அமைக்க முடியாது. கடைசியில் அளக்கும்போது 50 க்யூபிட்டிலிருந்து கிடைப்பது 50 பிட் மட்டுமே. உள்ளே கோடிக்கணக்கான வீச்சுகள் ஓடினாலும் அவை மொத்தத்தையும் வெளியே எடுத்துப் படிக்க வழி கிடையாது. அதனால்தான் பயனுள்ள குவாண்டம் அல்காரிதம்கள் இன்றைக்கும் எண்ணி எடுக்கிற அளவில் இருக்கின்றன.

ஒரு கோர்ஸ் நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. டெமோ வகுப்பில் மைனஸ் வீச்சு என்ற பேச்சு வருகிறதா? வராவிட்டால், பூனையோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

'கணக்கு தெரிய வேண்டாம்' என்றால் நம்பாதீங்க

விளம்பரங்களில் பிடித்த வரி, 'கணிதப் பின்னணி தேவையில்லை'. அப்படி ஒரு குவாண்டம் பயிற்சி இருந்தால் அது நியூஸ் பார்ப்பதுக்குச் சமம். ஆனால் தேவைப்படும் கணக்கு பயப்படும் அளவுக்கும் இல்லை.

தமிழ்நாடு பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பாடம் அணிகள். இரண்டாவது பாடம் கலப்பு எண்கள். பின்னால் வெக்டர் இயற்கணிதம், நிகழ்தகவுப் பரவல்கள். அறிமுகநிலை குவாண்டம் கம்ப்யூட்டிங்குக்குப் பெரும்பாலும் இது போதும்! 'இதெல்லாம் எங்க சார் யூஸ் ஆகப் போகுது' என்று பின் பெஞ்சிலிருந்து கேட்டவர்களுக்குத் தாமதமாக வந்த பதில். க்யூபிட் என்பது இரண்டு எண்கள் கொண்ட வெக்டர். அதன்மேல் செய்யும் செயல் இரண்டுக்கு இரண்டு அணி. ஹாடமார்டை இரண்டு முறை செய்வது என்றால் ஓர் அணியை அதனாலேயே பெருக்குவது. பேனா, பேப்பரில் இரண்டு நிமிட வேலை. கூடுதலாகப் பழக வேண்டியது டென்சர் பெருக்கல் மட்டும். அதற்கு ஒரு வார இறுதி போதும்.

குவாண்டம் இயற்பியல் பட்டம் வேண்டுமா? வேண்டாம். சாஃப்ட்வேர் ஆட்கள் அணியைத் தெரிந்துகொண்டு வந்தால் இயற்பியல் ஆட்களோடு சமமாக உட்காரலாம்.

ஓசியில் எவ்வளவு கிடைக்கும்?

நிறையவே. ஐபிஎம் 2016 மே மாதத்திலேயே 5 க்யூபிட் இயந்திரம் ஒன்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு 'கிஸ்கிட்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வந்தது. பைத்தான் தெரிந்தால் போதும். குவாண்டம் தகவல் துறையில் பெயர்பெற்ற ஜான் வாட்ரஸ் நடத்தும் வகுப்புகள் ஐபிஎம் கற்றல் தளத்தில் இலவசம். நம்ம ஊர் என்பிடெல்லில் சென்னை ஐஐடியும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய அறிமுகக் கோர்ஸ் இருக்கிறது. பார்க்கக் காசு இல்லை. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். சென்னை ஐஐடி 2022 செப்டம்பரிலேயே ஐபிஎம் குவாண்டம் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டது என்பதும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது.

ஆரம்பத்தில் உண்மையான குவாண்டம் இயந்திரம்கூடத் தேவையில்லை. 20 க்யூபிட் சர்க்யூட்டைப் போலியாக ஓட்ட உங்கள் லேப்டாப்பில் 16 எம்பி மெமரி போதும். ஒவ்வொரு க்யூபிட் கூடும்போதும் மெமரி இரட்டிப்பாகும். 30 க்யூபிட்டில் 16 ஜிபி. 50 க்யூபிட்டில் அது 1.6 கோடி ஜிபியைத் தாண்டும். குவாண்டம் இயந்திரம் எதற்கு என்பதை எந்த மோட்டிவேஷன் ஸ்பீச்சையும்விட இந்த மூன்று எண்கள் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கிஸ்கிட் 1.0 பதிப்பு 2024 பிப்ரவரியில் வந்தபோது பழைய கட்டளைகள் பல தூக்கப்பட்டன. எல்லாரும் பயன்படுத்திய 'எக்ஸிக்யூட்' கட்டளையே காலி. யூடியூபில் அதற்கு முந்தைய வீடியோவைப் பார்த்து டைப் செய்தால் முதல் பத்து நிமிடத்திலேயே எரர் வரும். தப்பு உங்களுடையது இல்லை. காசு வாங்கும் கோர்ஸிலும் அதே பழைய கட்டளை இருந்தால், பாடத்தை இரண்டு வருஷமாகத் தூசி தட்டவில்லை என்று அர்த்தம்.

இரைச்சலைச் சொல்லித் தராத பாடம் அரைப்பாடம்

இனி அந்தச் சரவிளக்கு. சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டுகள் வேலை செய்ய, தனிச்சுழி வெப்பநிலைக்கு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவுக்கு நெருங்க வேண்டும். விண்வெளியைவிடக் குளிர். அப்படி வைத்தும் க்யூபிட் நிலைக்காது. சின்ன வெப்பம், அலைந்து திரியும் மின்காந்தப் புலம் எது வந்தாலும் கணக்கு கலைந்துவிடும்.

ஒவ்வொரு செயலிலும் 1 சதவீதம் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, 99 சதவீதம் சரி. ஆனால் அப்படி 100 செயல்கள் தொடர்ந்து நடந்தால், எங்கும் பிழையே வராமல் முடிய வாய்ப்பு 37 சதவீதத்துக்கும் குறைவு. பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 1,000 செயல்களில் அதே கதைதான். உருப்படியான கணக்குகளுக்குத் தேவைப்படுவதோ கோடிக்கணக்கில்.

இதற்குத் தீர்வு பிழைதிருத்தம்: பல க்யூபிட்டுகளைச் சேர்த்து நம்பகமான ஒரு க்யூபிட்டை உருவாக்குவது. கூகுள் 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 105 க்யூபிட் 'வில்லோ' சிப் செய்திகளில் அடிபட்டது இதனால்தான். க்யூபிட்டுகளைக் கூட்டக் கூட்டப் பிழை குறைகிறது என்று அதில் காட்டினார்கள். பெரிய முன்னேற்றம். ஆனால் அதை வைத்து வங்கியோ மருந்து கம்பெனியோ நாளைக்கே ஒரு வேலையும் செய்ய முடியாது.

கூகுள் பற்றிப் பேசும்போது 2019-ஐ மறக்கக் கூடாது. அதன் 53 க்யூபிட் 'சிக்கமோர்' 200 நொடியில் முடித்த கணக்குக்கு சூப்பர்கம்ப்யூட்டருக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் என்றார்கள். 'இரண்டரை நாள் போதும்' என்று ஐபிஎம் உடனே மறுத்தது. இந்தத் துறையில் தலைப்புச் செய்தியைப் படிக்கும் முறைக்கு இதுவே ஒரு வகுப்பு.

வேகம் பற்றிய பேச்சும் அப்படித்தான். தேடலுக்கான குரோவர் அல்காரிதம் 1996-ல் வந்தது. வரிசைப்படுத்தாத 10 லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட, சராசரியாக 5 லட்சம் முறை பார்க்க வேண்டிய இடத்தில் குரோவர் 800-க்கும் குறைவான படிகளில் முடிக்கும். பிரமாதம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு படியும் மெதுவானது, பிழைதிருத்தச் செலவு தனி. 'குவாண்டம் வந்தா எங்க டேட்டாபேஸ் பறக்கும்' என்று மேனேஜர் மீட்டிங்கில் சொன்னால், மரியாதையாகச் சிரித்துவிட்டு வரலாம்.

நிச்சயமாகப் பலன் தரும் என்று துறையினர் அதிகம் நம்பும் இடம் மூலக்கூறுகளும் பொருட்களும். இயற்கையே குவாண்டமாக இருக்கும்போது அதைக் கணக்கிடவும் குவாண்டம் இயந்திரம் வேண்டும் என்பது 1981-ல் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் பேசியது. எனவே கெமிஸ்ட்ரி, மெட்டீரியல்ஸ் ஆட்களுக்கு இந்தப் பயிற்சி ஐடி ஆட்களைவிடப் பொருத்தமானது. விளம்பரங்கள் அவர்களைத் தேடிப் போவதே இல்லை.

ஐடி ஆட்களுக்கான வேலை வேறு இடத்தில்

ஐடி துறையினருக்கு குவாண்டம் ஏற்கெனவே வேலை கொடுத்துவிட்டது. அது குவாண்டம் கம்ப்யூட்டரில் இல்லை, அதற்கு எதிரான பாதுகாப்பில்.

பீட்டர் ஷோர் 1994-ல் ஓர் அல்காரிதம் எழுதினார். போதுமான அளவு பெரிய, பிழை திருத்தப்பட்ட குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால், இணைய பாதுகாப்பின் முதுகெலும்பான ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை அது உடைத்துவிடும். 2019 மதிப்பீட்டின்படி அதற்கு 2 கோடி க்யூபிட்டுகள் வேண்டும். 2025 மே மாதம் கூகுளின் கிரெய்க் கிட்னி வெளியிட்ட கணக்கு அதை 10 லட்சத்துக்கும் கீழே இறக்கியது. இன்றைய இயந்திரங்கள் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் ஆறு வருஷத்தில் இலக்கே இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது.

'வரும்போது பாத்துக்கலாம்' என்று விட முடியாது. இன்று திருடிப் பூட்டோடு சேமித்து வைக்கும் தகவலை, சாவி கிடைக்கும் நாளில் திறந்து படிக்கலாம். மருத்துவப் பதிவு, ஆதார் விவரம் போன்றவை பத்து வருஷத்திலும் ரகசியமாகவே இருக்க வேண்டியவை.

அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்ட் 13 அன்று குவாண்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் மூன்று குறியாக்கத் தரங்களை இறுதி செய்தது. சிக்னல் செயலி 2023-லும், ஐமெசேஜ், குரோம் இரண்டும் 2024-லும் இந்த வகைக் குறியாக்கத்துக்கு மாறத் தொடங்கிவிட்டன. உங்கள் போனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இதில் இருப்பது அசல் இன்ஜினியரிங் தலைவலி. இன்று பரவலாக உள்ள எக்ஸ்25519 பொதுச்சாவி 32 பைட். புதிய எம்எல்-கெம் 768-ல் அது 1,184 பைட். டிஜிட்டல் கையெழுத்து ஆர்எஸ்ஏ 2048-ல் 256 பைட். எம்எல்-டிஎஸ்ஏ 65-ல் 3,309 பைட். பழைய ரவுட்டர், ஸ்மார்ட் மீட்டர், கார்டு ஸ்வைப் மெஷினில் இதற்கு இடம் இருக்கிறதா? எந்த சர்வீஸில் எந்தக் குறியாக்கம் ஓடுகிறது என்ற பட்டியலாவது உங்கள் கம்பெனியிடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட க்யூபிட் தெரிய வேண்டியதே இல்லை. ஷோர் எதை உடைக்கும், எதை உடைக்காது என்று தெரிந்தால் போதும். 'டெக் ப்ரொஃபஷனல்களுக்கான குவாண்டம்' என்று விற்கப்படும் பயிற்சியில் இந்தப் பகுதி கடைசி வகுப்பின் கடைசி அரை மணி நேரமாக இருப்பது வேதனை.

அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியது

தனிநபர் மீது மட்டும் பொறுப்பைப் போடுவது நியாயம் இல்லை. பொறியியல் இளநிலை மாணவர்களுக்கு குவாண்டம் தொழில்நுட்பத்தில் மைனர் பாடத்திட்டத்தை ஏஐசிடிஇ 2024 டிசம்பரில் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் இதை யார் நடத்துவது? ஆசிரியரே இதைப் படித்தது இல்லையே. பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம். வேலையில் இருப்பவர்களுக்கு மாலை நேர, வார இறுதி வகுப்புகளை மிஷன் பணத்தில் ஐஐடிகளும் அரசுப் பல்கலைக்கழகங்களும் நடத்தினால், லட்சத்தைத் தொடும் தனியார் கட்டணங்கள் தானாக இறங்கும்.

கம்பெனிகளின் கதை இன்னும் வேடிக்கை. இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், குரூப் போட்டோ, லிங்க்டின் போஸ்ட், சான்றிதழ். திங்கட்கிழமை காலையில் பழைய ஜாவா பக். படித்ததைப் பயன்படுத்த ஒரு சின்ன புராஜெக்ட்டாவது கொடுக்காத பயிற்சி, ஊழியரின் வார இறுதியைத் தின்றதோடு சரி.

வேலைவாய்ப்பைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். புதிய அல்காரிதம் கண்டுபிடிக்கும் வேலைக்கு இன்றும் முனைவர் பட்டம் கேட்பார்கள். ஆறு வாரச் சான்றிதழ் அந்தக் கதவைத் திறக்காது. ஆனால் இயந்திரத்தைக் கட்ட மைக்ரோவேவ் எலெக்ட்ரானிக்ஸ், எஃப்பிஜிஏ, கிரையோஜெனிக்ஸ், கன்ட்ரோல் சாஃப்ட்வேர் ஆட்கள் வேண்டும். ஈசிஇ, மெக்கானிக்கல் படித்தவர்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் திறமைகள் இவை. அவர்களுக்கு அறிமுகப் பயிற்சி கூடுதல் தகுதி. வெறும் சான்றிதழை நம்பி இருக்கும் வேலையை விடுவது மட்டும் வேண்டாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

காசு கட்டும் முன் ஒரு மாதம் சொந்தமாக முயற்சி செய்து பார்க்கலாம். முதல் வாரம் பிளஸ் டூ புத்தகத்தின் அந்த இரண்டு பாடங்கள். அடுத்த இரண்டு வாரம் இலவச வகுப்புகள், லேப்டாப்பில் கிஸ்கிட். நான்காவது வாரம் ஐபிஎம் தளத்தில் இலவசக் கணக்கு. அதில் கிடைக்கும் இயந்திர நேரம் சில நிமிடங்கள்தான், வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். அந்த நேரத்துக்கு இரண்டு க்யூபிட்டுகளைப் பின்னிப்பிணைக்கும் சின்ன சர்க்யூட் போதும். ஒரு ஹாடமார்ட், ஒரு சிநாட், இரண்டு அளவீடு. மொத்தம் ஐந்தாறு வரி.

லேப்டாப்பில் 1,000 முறை ஓட்டினால் 00 பாதி, 11 பாதி வரும். 01, 10 இரண்டும் சுத்தமாக வராது. அதே நிரலை உண்மையான இயந்திரத்தில் ஓட்டினால், வரவே கூடாத 01-ம் 10-ம் கொஞ்சம் தலைகாட்டும். அது ஏன் வந்தது, எந்த க்யூபிட்டில் பிழை அதிகம், எப்படிக் குறைக்கலாம் என்று தோண்டத் தோன்றினால், என்பிடெல்லில் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு சுற்று: ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று.